எண் எழுதிய மரங்கள்

பனி உருகத் தொடங்கும் மாதத்தில்தான் அந்த வீடு சத்தம் போடும். நடுக் குளிர்காலத்தில் அது வாயே திறக்காது. தலையில் அவ்வளவு பனியையும் சுமந்துகொண்டு பல்லைக் கடித்தபடி நிற்கும். மார்ச்சில் வெயில் பட்டதும், புல்வேய்ந்த கூரையின் தெற்குப் பக்கத்துப் பனி முதலில் வழுக்கி விழும். வடக்குப் பக்கம் விடாது. ஒரு தோளில் பாரம், மறுதோள் வெறுமை. அந்த நேரம் உள்ளே நின்றால், தலைக்கு மேலே எங்கேயோ ஒரு மரம் இன்னொரு மரத்திடம் எதையோ கேட்பது போல ஒரு முனகல் வரும். பதில் வராது. அரை மணித்தியாலம் கழித்து வேறொரு மூலையிலிருந்து அதே முனகல். நான் கூரையைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் அதற்குத் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

நான் அங்கே வேலை செய்கிறேன். மொன்றியலின் ஒரு பொதுப் பூங்கா. சனம் நாய்களை நடத்திக்கொண்டு வரும், பிள்ளைகளைச் சறுக்க விடும். அதன் நடுவில் சம்பந்தமே இல்லாமல் மூன்று ஜப்பானியக் கட்டடங்கள்: ஒரு பெரிய பண்ணைவீடு, அதைவிடச் சிறியது இன்னொன்று, இரண்டுக்கும் முன்னால் ஒரு வாயில்வீடு. வாயில்வீடு என்றால் வேலிப் படலை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைக்க வேண்டாம். அதுவே ஒரு நீண்ட வீடு. நடுவில் வண்டி போகிற அகலத்துக்குப் பெருங்கதவு, பக்கத்தில் குனிந்து நுழைகிற சின்னக் கதவு, இரண்டு பக்கமும் அறைகள். முந்தி ஒரு பக்கத்தில் வேலையாட்கள் படுத்தார்களாம், மறுபக்கத்தில் நெல் கிடந்ததாம். இப்போது ஒரு பக்கத்தில் எங்கள் குளிர்கோட்டுகளும் மைக்ரோவேவும். மறுபக்கத்தில் பனி அள்ளுகிற சவள்கள்.

மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் நின்றவை. அங்கே அணை கட்டினார்கள், தண்ணீர் ஏறியது, சனம் வெளியேறியது. வீடுகளை மட்டும் மரம் மரமாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, ஏதோ ஒரு கண்காட்சிக்காக இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கண்காட்சி முடிந்தது. திருப்பிக் கொண்டுபோக ஊர் இல்லை. இதைத்தான் நான் வருகிறவர்களுக்குப் பிரெஞ்சில் ஒரு தரமும் ஆங்கிலத்தில் ஒரு தரமும் சொல்வேன். தண்ணீர் ஏறிய இடத்தில் எல்லோரும் "ஓ" என்பார்கள். பிறகு கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

பெரிய வீட்டின் நடுவில், பலகைத் தரையிலேயே, சாம்பல் நிரப்பிய ஒரு சதுரக் குழி இருக்கிறது. அதுதான் அடுப்பு. ஒவ்வொரு நாளும் அதில் நெருப்பு மூட்ட வேண்டும். சமைப்பதற்காக மட்டும் இல்லை. புகை மேலே ஏறிக் கூரைப் புல்லையும், அந்தப் புல்லைக் கட்டியிருக்கிற வைக்கோல் கயிறுகளையும் பூச்சி தின்னாமல் காக்கும். ஆணி அடிக்காத வீடு. கயிறும் மரமுளையும்தான் எல்லாம். ஆனால் புல்வேய்ந்த வீட்டுக்குள், சனம் வந்து போகிற இடத்தில், நெருப்பு மூட்ட இங்கே அனுமதி இல்லை. ஆகவே அந்தச் சாம்பல் குளிர்ந்து எத்தனையோ வருடம். மேலே எது கயிற்றைத் தின்கிறதோ அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது.

அந்த வசந்தத்தில் என் அண்ணையை என்னோடு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன்.

அண்ணைக்கு அறுபத்தைந்து. நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் வாடகை வீட்டில், வெளியே படிக்கப் போன என் மகனுடைய அறையில் இருந்தார். ஊரில் யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு நான்தான் பொறுப்பெடுத்துக் கூப்பிட்டேன். ஆள் அமைதி. ஒரு கரைச்சலும் இல்லை, வருடத்தில் ஒன்றிரண்டு நாட்களைத் தவிர. அப்படியான ஒரு நாள்தான் முந்தின இலையுதிர்காலத்தில் வந்தது. கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணியைச் சோதித்தார்கள். அறிவித்தல் கீழே ஒட்டியிருந்தது, பிரெஞ்சில். அண்ணை மூன்று மாடியிலும் கதவு கதவாகத் தட்டி, எல்லோரையும் நிலக்கீழ் அறைக்கு இறக்கி, சுவரோடு குந்தி இருக்க வைத்துவிட்டார். அவர்களில் பாதிக் குளிப்பில் துவாயோடு வந்த ஒரு கிழவரும் உண்டு. அந்தக் கிழவர் கடைசிவரை கோபிக்கவில்லை. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் கோபித்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் எங்களை வீட்டைவிட்டு எழுப்ப மனுப்போடுவதாகக் கடிதம் வந்தது.

என் கணவர் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். லொங்குய்யில் ஒரு காரியாலயத்தில் வேலை செய்கிறவர், கடிதங்களுக்குப் பயந்தவர்.

"இஞ்சரும், நான் உம்மட தமையனைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. ஆனா இன்னொருக்கா எண்டா, லவாலில இருக்கிற அந்த இடத்துக்கு எழுதிக் குடுக்கிறதுதான். அங்க தமிழ்ப் பிள்ளையள் ரெண்டு பேர் வேலை செய்யினம்."

"அது கிழடுகளை விடுற இடம்."

"மச்சான் என்ன குமரனோ?"

படிவத்தை அவரே எடுத்துவந்து நிரப்பினார். என் கையெழுத்து மட்டும் மிச்சம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், தெருமூலைத் தெப்பனர் கடையில் சும்மா கொடுத்த காந்தத்துக்குக் கீழே அது தொங்கியது. பால் எடுக்கும்போதெல்லாம் அசையும்.

அதனால்தான் அண்ணையைத் தனியே விடாமல் என்னோடு கொண்டுபோனேன். மேற்பார்வையாளர், நல்ல மனுசி, கண்டும் காணாமல் விட்டாள். அண்ணை வாயில்வீட்டு அறையில் இருப்பார். பெருங்கதவைக் காலையில் திறக்க, பின்னேரம் சாத்த, குறுக்கு மரத்தைப் போட உதவி செய்வார். அந்தக் குறுக்கு மரம் ஓர் ஆள் நீளம். அதைத் தூக்கிப் பொருத்தும்போது அவருடைய முகத்தில் வருகிற திருப்தி எனக்கு ஏனோ பிடிக்காது.

ஏப்ரல் கடைசியில் கூரையின் வடக்குப் பக்கத்தில் ஒரு பாகம் உள்ளே இறங்கியது. ஒருவருக்கும் அடிபடவில்லை. அன்று உள்ளே யாரும் இல்லை, சாம்பல் குழிக்கு மேலே ஒரு பாய் அளவு கறுப்புப் புல் விழுந்து கிடந்தது, அவ்வளவுதான். கயிறுகள் விட்டுவிட்டன. ஜப்பானிலிருந்து ஒரு தச்சர் வந்தார். இரண்டு நாள் ஏணியில் ஏறி இறங்கினார். மூன்றாம் நாள், பெரிய வீட்டை முழுதாகக் கழற்ற வேண்டும் என்றார். கழற்றி, நல்ல மரத்தை வைத்து, உக்கினதை மாற்றி, திரும்ப நிறுத்த வேண்டும்.

அந்தத் தச்சர்தான் மரங்களிலிருந்த எழுத்தைக் காட்டினார். அவ்வளவு வருடம் அதற்குக் கீழே நின்று கதைத்தும் நான் கண்டதில்லை. மரமும் மரமும் சேருகிற ஒவ்வொரு பொருத்திலும், புகைக்கறுப்புக்குக் கீழே, மையால் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். எழுத்து நீளப்பக்கத்துக்கு, எண் அகலப்பக்கத்துக்கு. எந்த மரம் எந்த இடம் என்று அது சொல்லிவிடும். ஈரத்துணியால் அவர் துடைக்கத் துடைக்க, வீடு முழுவதும் எண்கள் எழும்பி வந்தன. அழகாக இருந்தது. அழகு எனக்கு எப்போதும் ஆபத்து. என்ன கதைக்கிறேன் என்று தெரியாமல் கதைத்துவிடுவேன்.

வாயில்வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணையைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தேன்.

"இதைப் பாருங்கோ அண்ணை. எல்லா மரத்துக்கும் இலக்கம் போட்டிருக்கு. கழட்டினா எங்க வேணுமெண்டாலும் கொண்டு போகலாம். திருப்பிக் கட்டலாம்."

அவர் துடைத்த மரத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"எல்லாத்திலயுமோ?"

"ஓம், எல்லாத்திலயும்."

"அப்ப ஒண்டும் துலையாதோ?"

"ஒண்டும் துலையாது, அண்ணை."

நான் அதை யாருக்குச் சொன்னேன்? வன்னியில் தன் வீட்டுக் கூரைத் தகரத்தையும் கதவையும் யன்னலையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றி, ஓர் இடத்தில் இறக்கி, பிறகு அங்கிருந்தும் ஏற்றி, அப்படி ஐந்து தரம் இடம் மாறிய ஒரு மனிதருக்குச் சொன்னேன். ஒவ்வொரு மாறலிலும் ஏதோ ஒன்று குறைந்தது. முதலில் தகரம், பிறகு யன்னல்கள். கடைசிவரை அவரிடம் இருந்தது அந்த முன்கதவு மட்டும்தான். கடைசி இடத்தில் அதைப் பதுங்குகுழிக்கு மேலே போட்டு மண்மூட்டை அடுக்கினார்களாம். அதற்குக் கீழே யார் யார் இருந்தார்கள் என்று அவர் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை. அப்படியான ஒருவரின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, வீட்டைத் தொலையாமல் கொண்டுபோக ஒரு வழி இருக்கிறது என்று நான் காட்டிக் கொடுத்தேன். எங்கள் ஆட்களில் வேறு யாராவது என்றால் பேசாமல் இருந்திருப்பார்கள். ஒரு சுவரைக் கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அவரைக் கொண்டுபோயிருக்க மாட்டார்கள். நான் கவிதை எழுதுகிறவள். எனக்கு எண்கள் தெரிந்தன, ஆள் தெரியவில்லை.

அண்ணை தச்சரிடம் ஒரு பென்சில் வாங்கிக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரு மொழியும் பொதுவில் இல்லை. அன்று பின்னேரம் வாயில்வீட்டு அறையில் மைக்ரோவேவுக்கு இலக்கம் விழுந்தது. சவள்களுக்கு விழுந்தது. மேற்பார்வையாளரின் தொப்பிக்குள்ளே பதினாலு. அவள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

"உன் அண்ணன் என்னையும் எண்ணிவிட்டார். இனி என்னை வேலையால் நிற்பாட்ட ஏலாது," என்றாள் பிரெஞ்சில்.

எல்லோரும் சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் மேலே நின்று புல்லை உரித்து உரித்துக் கீழே போட்டார்கள். நூறு வருடத்துப் புகை தூளாக எழும்பிப் பூங்கா முழுக்க மிதந்தது. நாய்கள் தும்மின.

பிறகு வீட்டில். ஒரு சனிக்கிழமை குசினி அலுமாரியைத் துடைக்கத் திறந்தபோது, கதவின் உட்பக்கத்தில், கீழ் மூலையில், சின்னதாக: கி 3. பக்கத்துக் கதவில்: கி 4. மற்றச் சுவரில் வ 1, வ 2. கிழக்கு, வடக்கு. மேசையைக் கவிழ்த்துப் பார்த்தேன், நாலு காலிலும் இருந்தது. மகனின் கட்டில். புத்தகத் தட்டுகள். குளியலறைக் கண்ணாடியின் பின்பக்கம். முழு வீடும் எனக்குத் தெரியாமல் பெயர் வைக்கப்பட்டுக் காத்திருந்தது.

நான் ஒன்றையும் அழிக்கவில்லை. கணவருக்கும் சொல்லவில்லை. படிவம் காந்தத்துக்குக் கீழே தொங்குகிறது என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொல்லத்தான் வேண்டும்: எனக்கு அது பிடித்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கும்போது அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்து, எனக்கும் இந்தக் கதவுக்கும் மட்டும் ஏதோ ஒன்று தெரியும் என்பது போல நினைப்பேன். அண்ணையின் கைக்குள் என்ன நடக்கிறது என்று நினைக்கவில்லை. எண் எழுதி முடிந்தால் அடுத்த வேலை என்ன என்பது ஒரு தச்சனுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மே நடுவில் பெரிய வீடு எலும்புக்கு வந்துவிட்டது. கூரை போய், சுவர் போய், வளைந்த உத்தரங்கள் மட்டும் வானத்தில். அந்தக் கிழமை அண்ணைக்கு மூக்கடைத்துத் தடிமன். காய்ச்சல் இல்லை, ஆனால் மழை. வீட்டில் படுங்கோ, மத்தியானம் தாண்ட நான் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அரை நாள். அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு மெத்ரோவால் இறங்கி வந்து எங்கள் மாடிக்கு ஏறினேன். படிக்கட்டின் உச்சியில் எப்போதும் தள்ளித் திறக்கிற, தீ பரவாமல் தடுக்கிற பாரமான தீக்கதவு இல்லை. அந்த இடத்தில் வெறும் சதுரம். உள்ளே போனால் தாழ்வாரத்தில் நாலு கதவுகள் சுவரோடு வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தீக்கதவு, எங்கள் வீட்டுக் கதவு, எங்கள் இரண்டு அறைக் கதவுகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் எண். பிணைச்சல்கள், திருகாணிகள் எல்லாம் தனித்தனிப் பைகளில், பைகளிலும் எண். எங்கள் வீட்டின் உள்ளே முழுவதும், குசினி வரைக்கும், தாழ்வாரத்திலிருந்தே தெரிந்தது. ஒரு வீடு இவ்வளவு சின்னதா என்று முதலில் நினைத்தேன்.

கட்டடத்தைப் பராமரிக்கிறவர் அங்கே நின்றார். ஹெயிட்டி நாட்டவர், வயதானவர், எங்களோடு ஒரு நாளும் கடுமையாகக் கதைக்காதவர். இப்போது வெறும் சதுரத்தைக் கையால் காட்டினார்.

"மதாம், அது தீக்கதவு. தீக்கதவு! இந்த நேரம் கீழே ஏதாவது பற்றியிருந்தால், மேலே இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள்."

அண்ணை என்னைக் கண்டதும் ஆறுதலாகத் தலையசைத்தார். நல்ல நேரத்துக்கு வந்தாய் என்கிற மாதிரி.

"தங்கச்சி, மேல் மாடியையும் பாக்கோணும். நேரம் காணாது. மிசின் எத்தினை மணிக்கு வருது?"

"என்ன மிசின், அண்ணை?"

"சாமான் ஏத்துற உழவு மிசின்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பராமரிப்பாளரைப் பார்த்தார், கதவில்லாத வாசலைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் இந்தத் தாழ்வாரத்துக்குத் திரும்பி வருவதை நான் கண்டேன். நீரின் அடியிலிருந்து ஒருவர் மேலே வருவது போல. வந்து சேர்ந்ததும் அவருக்கு வெட்கம் வந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"திருப்பிப் பூட்டிப்போடுறன்," என்றார். "இப்பவே பூட்டிப்போடுறன்."

ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. நாலு கதவும் ஏறின. முன்பு இழுத்துச் சாத்த வேண்டியிருந்த எங்கள் கதவு இப்போது விரலால் தள்ளச் சத்தமில்லாமல் மூடியது. பராமரிப்பாளர் தீக்கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

"முந்தியைவிட நன்றாக இருக்கிறது," என்றார் என்னிடம், மன்னிப்புக் கேட்கிற குரலில். "ஆனால் நான் எழுதித்தான் ஆக வேண்டும், மதாம். இது தீக்கதவு."

கணவர் வந்தார். நான் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார்.

"உமக்கு முந்தியே தெரியுமோ?"

"என்ன?"

"அலுமாரிக் கதவில எழுதியிருக்கிறது. நான் போன கிழமை கண்டனான். உமக்கும் தெரியும் எண்டு நினைச்சன். நீர் எப்பிடியும் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அண்ணை பக்கத்து அறையில் இருந்தார். கதவு சத்தமில்லாமல் சாத்தியிருந்தது. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் படிவத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தேன். கணவர் என்னை வற்புறுத்தவில்லை. பேனையைக்கூட நான்தான் தேடி எடுத்தேன். வீட்டை இழந்துவிடுவோம் என்று பயந்தேன். அந்தப் பயத்தில், வீட்டிலிருந்த ஓர் ஆளை எடுத்து வெளியே வைத்தேன்.

லவாலிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. கொண்டுவர வேண்டிய உடுப்புகள், சப்பாத்து, துவாய். ஒவ்வொன்றிலும் பெயரும் அறை இலக்கமும் தைத்திருக்க வேண்டும், சலவையில் மாறாமல் இருக்க. ஞாயிறு பின்னேரம் குசினி மேசையில் இருந்து தைத்தேன். 214. 214. ஏழாவது சேட்டிலோ எட்டாவதிலோ என் கை நின்றுவிட்டது. அண்ணை முன்னால் இருந்து ஊசியில் நூல் கோத்துத் தந்துகொண்டிருந்தார்.

"சொக்ஸுக்குமோ?"

"ஓம் அண்ணை. அதுக்கும்."

"நல்ல ஒழுங்கான ஆக்கள்," என்றார். "அப்ப ஒண்டும் துலையாது."

"கொஞ்ச நாளைக்குத்தான், அண்ணை."

"ஓமோம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது." கோபமில்லாமல் சொன்னார். நூலின் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி மறுபடி கோத்தார்.

அவர் போன பிறகு வீட்டுக்காரரிடமிருந்து ஒரு முணுமுணுப்பும் வரவில்லை. கோடை முழுக்க, இலையுதிர்காலம் முழுக்க அமைதி. கணவர் நித்திரை கொள்ளத் தொடங்கினார். பூங்காவில் பெரிய வீட்டின் கடைசி மரத்தையும் இறக்கினார்கள். சின்ன வீட்டுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், நீலத் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே அடுக்கினார்கள். தச்சர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் என்றார்கள். பிறகு, நிதி வந்ததும் என்றார்கள். வாயில்வீட்டின் பெருங்கதவை நான் இப்போதும் காலையில் திறக்கிறேன். திறந்தால் அந்தப் பக்கம் வெறும் புல்வெளி. வருகிறவர்கள் வீடு எங்கே என்று கேட்பார்கள். படங்கைக் காட்டுவேன். ஒரு மரமும் தொலையவில்லை. வீடும் இல்லை.

டிசம்பரில் பதிவுத் தபால் வந்தது. கட்டடத்தை முழுதாக உடைத்துத் திருத்தப் போகிறார்களாம். எல்லோரும் யூன் கடைசிக்குள் வெளியேற வேண்டுமாம். எல்லோரும் என்றால் துவாய்க் கிழவர், மேல்மாடிக் குழந்தைகள், பராமரிப்பாளர்கூட. அண்ணையின் கதவுகளுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்களுக்கு முதல் கடிதம் வருவதற்கு முன்பே இந்த வேலைக்கு வரைபடம் கீறி முடித்திருந்தார்கள் என்று பராமரிப்பாளர் சொன்னார். எதிர்த்து நிற்கலாம் என்று ஒரு கூட்டம் கூடினோம். அடுத்த கிழமைக்கிடையில் பாதிப்பேர் வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

கணவர் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். "மச்சானுக்குச் சொல்லாதேயும்," என்றார்.

நான் சொன்னேன். தைமாதத்தில் ஒரு பின்னேரம், செம்மஞ்சள் பாதை மெத்ரோவில் ஆற்றைத் தாண்டி, பேந்து பஸ் எடுத்து, நனைந்த சப்பாத்தோடு அந்த இடத்துக்குப் போனேன். 214 இரண்டாம் மாடி. அண்ணை யன்னலோரக் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் நன்றாகச் சவரம் செய்திருந்தார்கள். வெளியே வாகனத் தரிப்பிடம், அதற்கு அப்பால் பெருந்தெரு. நான் சொல்லச் சொல்ல அவர் பெருந்தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப விடோணும்?"

"யூன் முப்பது."

"அந்த நேரம் முழுச் சனமும் றோட்டில நிக்கும்."

உண்மைதான். இந்த ஊரில் யூலை முதலாம் திகதி எல்லோரும் வீடு மாறுவார்கள். தெருத்தெருவாக லொறிகள், நடைபாதையில் மெத்தைகள், அலுமாரிகள், பூச்சாடிகள். அவர் அதைச் சொன்னாரா, வேறொன்றைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அது ஒன்றாகவே இருக்கலாம்.

"பெரிய சாமானுகளை விடுங்கோ. கதவைக் கொண்டு போகாதேங்கோ," என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். மெத்ரோ முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"அண்ணை, புது வீடு எடுக்கேக்கை உங்களுக்கும் ஒரு அறையோட எடுக்கிறம். நீங்கள் எங்களோட வாங்கோ. நான் பிழை விட்டிட்டன்."

அவர் நான் ஏதோ சின்னப்பிள்ளைக் கதை சொன்ன மாதிரிப் பார்த்தார்.

"ஏலாது தங்கச்சி. நான் இஞ்ச பதிஞ்சாச்சு. நீதானே பதிஞ்சு விட்டனி. இனி மாறினா அங்கையும் பேரை வெட்டிப்போடுவினம், இஞ்சையும் வெட்டிப்போடுவினம். நிவாரணம் வராது."

"இது அப்பிடி இல்லை, அண்ணை. இது கனடா."

"எல்லா இடமும் முதல்ல அப்பிடித்தான்."

தாழ்வாரத்தில் சாப்பாட்டு வண்டி உருளும் சத்தம் கேட்டது. நாலரைதான், வெளியே ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது. அவர் எழும்பி, முகாமில் சாப்பாட்டு வரிசைக்குப் போகிறவர் போல, மேசையிலிருந்த தன் தட்டையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டார். அங்கே யாரும் தட்டு கொண்டுவரச் சொல்வதில்லை; வண்டியிலேயே எல்லாம் வரும். வாசலில் நின்று தலையை நீட்டி, தாழ்வாரத்தின் இரு பக்கத்தையும் பார்த்தார். பிறகு திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"உங்கட ரெண்டு பேரின்ர பேரையும் இஞ்ச பதியக் குடுத்து வைக்கட்டோ? வண்டி கொண்டு வாற பிள்ளை நல்ல பிள்ளை, நான் சொன்னா எழுதுவாள். யூனில சனம் கூடும். பேந்து இடம் இராது."

வண்டி கிட்ட வந்துவிட்டது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.